அல்வாக் கிண்டுதல்

அடுக்களை பெண்டிர்க்கே உரியது என்று கூறித் திண்ணையில் அமர்ந்து வெற்றிலை மெல்லும் ஆடவர் நம் நாட்டில் என்றும் உளர். அவர்களே விருந்துக்குச் சென்றவிடத்துப் பாயசம் சிறிது நீர்த்திருப்பினும் முகஞ்சுளித்து, 'நளபாகம் என்றால் இதுவன்று' எனத் தீர்ப்பும் கூறுவர். நளனும் ஆடவன், வீமனும் ஆடவன் என்பது அப்போது அவர்தம் நினைவுக்கு வருவதில்லை. அரச மரபிற் பிறந்தும் அடுப்பின்முன் நின்று பெயர் பெற்ற அவ்விருவரையும் எனக்குத் துணையாகக் கொண்டு, யான் சென்ற தை மாதத்தில் எங்கள் இல்லத்து அடுக்களையுட் புகுந்து காரட்டு அல்வாக் கிண்டக் கற்ற வரலாற்றை ஈண்டு உரைக்க விழைகின்றேன். அரிய தத்துவங்களை எதிர்பார்ப்போர் இம்மலரின் வேறு பக்கங்களுக்குச் செல்க. நாவில் நீரூறும் இயல்பினர் என்னுடன் வருக.

அல்வாவும் அயலது, காரட்டும் அயலது. இனிப்புப் பண்டத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லின் வழியே வந்தது அல்வா என்னும் பெயர். திருநெல்வேலியார் கோதுமைப் பாலை நெய்யிற் கிண்டி அப்பெயரைத் தமக்கே உரித்தாக்கிக் கொண்டனர். காரட்டின் நிலைமை வேறு. அதற்கு 'மஞ்சள் முள்ளங்கி' என்றும் 'செம்முள்ளங்கி' என்றும் தமிழ்ப் பெயர்கள் சூட்டப்பெற்றும், அப்பெயர்களால் அழைத்தால் திரும்பிப் பாராத பிடிவாதம் உடையது அது. நம் மாட்டுத்தாவணிக் காய்கறிச் சந்தையிற் சென்று, 'செம்முள்ளங்கி என்ன விலை?' என்று வினவிப் பாருங்கள். கடைக்காரர் சிவந்த தோலுடைய முள்ளங்கியை எடுத்துக் காட்டுவார். ஆதலின் உலக வழக்கை ஒட்டி யானும் காரட்டு என்றே வழங்குகின்றேன்.

இக்காய் முதன்முதலிற் பயிரிடப்பெற்றது நடு ஆசியாவில் என்பர் அறிஞர். ஊதாவும் மஞ்சளுமாக இருந்த அது மேற்றிசை சென்று, 17-ஆம் நூற்றாண்டளவில் ஆலந்து நாட்டாரின் தோட்டங்களிற் பொன்னிறம் பெற்றுப் பெருகிற்று. வட இந்தியாவில் குளிர்காலத்தில் விளைவதோ வேறோர் இனம். குருதிச் சிவப்பும் மிக்க சாறும் உடையது. நம் தென்னாட்டில் இக்காய்க்கு ஏற்ற குளிர் மலைகளிலேதான் உண்டு. 1820-களில் கோயமுத்தூர்க் கலெக்டராக விளங்கிய ஜான் சல்லிவன் உதகையில் ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிடுவித்தார். மதுரைப் பக்கத்தில் 1834-ஆம் ஆண்டிற் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனைச் சார்ந்தோர், சமவெளியின் காய்ச்சலுக்கும் பேதிக்கும் தம் மக்களைப் பலி கொடுத்து வருந்தி, 1845-ஆம் ஆண்டிற் கோடைக்கானல் மலைமீது இரண்டு வீடுகள் அமைத்தனர். அன்று சிற்றூரினும் சிறிதாயிருந்த அவ்விடம் நாளடைவில் நகரமாயிற்று. இன்று பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் முதலிய மேன்மலை ஊர்களின் படிக்கட்டு வயல்களிற் காரட்டு விளைந்து, மூட்டை மூட்டையாக மலையிறங்கி மதுரைக்கு வருகின்றது. வைகைக் கரையின் வெயிலில் வளராத ஒரு காய், வைகைக் கரையார் அனைவரும் அறிந்த காயாயினமை இவ்வாறே.

எங்கள் இல்லத்திற்குக் காரட்டு அல்வா வந்த வழியும் இம்மலையின் அடிவாரத்தை ஒட்டியதே. மதுரைக்கு வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், அம்மையநாயக்கனூரில் இருப்பது கோடைக்கானல் ரோடு என்னும் புகைவண்டி நிலையம். மதுரைக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் இடையே 1875-ஆம் ஆண்டில் இருப்புப்பாதை திறக்கப்பட்டபின், மலைக்குச் செல்வோர் யாவரும் இறங்கிய இடம் அதுவே. என் பாட்டனார் 1960-களில் அந்நிலையத்திற் குமாஸ்தாவாகப் பணிபுரிந்தார். அவர் மனைவியார், அஃதாவது என் அப்பத்தா, மணமாகி வந்த புதிதில் அங்குள்ள ரயில்வே குடியிருப்பில் வாழ்ந்தார். அடுத்த வீட்டில் இருப்புப்பாதை வேலையை மேற்பார்க்க வந்த பஞ்சாபியர் ஒருவரின் குடும்பம் இருந்தது. அக்குடும்பத்து அம்மையார் லாகூரை அடுத்த ஓர் ஊரிற் பிறந்து, 1947-ஆம் ஆண்டின் பிரிவினையில் வீடும் நிலமும் துறந்து இப்பக்கம் வந்தவர்.

அப்பத்தாவுக்கு இந்தி தெரியாது. அவ்வம்மையார்க்குத் தமிழ் தெரியாது. அவர் இவரைப் 'பெஹன்' என்பார்; இவர் அவரை 'அக்கா' என்பார். இரண்டும் உடன்பிறப்பையே குறிக்குஞ் சொற்கள் என்பது இருவர்க்கும் சில திங்கள் கழிந்த பின்னரே தெரிந்ததாம். மலையிலிருந்து இறங்கிய காரட்டு மூட்டைகளை நிலையத்தின் முற்றத்திற் கண்ட ஒரு நாள், அவ்வம்மையார் இரண்டு கை நிறைய வாங்கி வந்து முகர்ந்து பார்த்து, 'எங்கள் ஊர்ச் சிவப்பு இதற்கு இல்லையே' என்பதுபோலத் தலையசைத்து, பின்பு அடுப்பை மூட்டினார். அன்று அப்பத்தா கற்றது மொழியின் வழியாக அன்று. அவ்வம்மையார் கரண்டியை அப்பத்தாவின் கையிற் கொடுத்து, அக்கையின்மேல் தம் கையை வைத்து அழுத்திக் கிண்டுவித்தார். இறக்கும் பதம் நெருங்கியபோது வாணலியைச் சுட்டாமல் தம் செவியைத் தொட்டுக் காட்டினார். அக்குறிப்பின் பொருள் அப்பத்தாவுக்கு விளங்கியது நான்காம் முறை கிண்டியபோதே என்று அவர் கூறுவதுண்டு.

அது முதல் ஐம்பதாண்டுகளுக்கு மேலாகத் தைப்பொங்கலை அடுத்து வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எங்கள் இல்லத்திற் காரட்டு அல்வா தவறியதில்லை. சென்ற சில ஆண்டுகளாகத் தவறியது. காரணம் அப்பத்தாவின் கண்கள்.

நடக்கும்போது நிலைப்படியில் தோள் இடித்துக்கொள்வதும், பக்கத்தில் வைத்த செம்பைத் தட்டிவிடுவதுமாகத் தொடங்கிற்று. நோவு சிறிதும் இல்லை. அண்டை அயலார் யாவரும் ஒருமுகமாகச் சொன்ன மருந்து காரட்டு. நாள்தோறும் காலையில் ஒரு குவளைச் சாறு. மாலையில் பச்சையாக இரண்டு காய். ஏறத்தாழ ஓராண்டு இவ்வாறு கழிந்தது. அதன் பின்னர் மருத்துவரிடம் சென்றபோது, கண்ணினுள் அழுத்தம் மிகுந்து நரம்பைச் சிதைக்கும் கிளாக்கோமா என்னும் நோய் என்றும், இழந்த பார்வை மீளாது என்றும், எஞ்சியதைக் காக்க முயலலாம் என்றும் கூறினார். எஞ்சியது வெளிச்சமும் நிழலும் மட்டுமே. 'கண்ணுக்குன்னு தின்னேன், கண்ணு போச்சு. நாக்குக்குன்னு தின்னிருந்தா நாக்குக்காச்சும் லாபம்' என்று அப்பத்தா இதனை நகைச்சுவையாகவே கூறுவார். கேட்கும் எங்களுக்கு நகை வருவதில்லை.

காரட்டைப் பற்றிய இந்நம்பிக்கை முற்றிலும் பொய்யன்று. அதுவே அதன் தீமை. காரட்டின் பொன்னிறத்திற்குக் காரணமான பொருளை 1831-ஆம் ஆண்டில் வாக்கன்ரோடர் என்னும் ஜெர்மானியர் பிரித்தெடுத்துக் கரோட்டின் எனப் பெயரிட்டார். அது நம் உடலிற் புகுந்து வைட்டமின் ஏ ஆக மாறுகின்றது என்பது ஒரு நூற்றாண்டு கழித்து நிறுவப்பட்டது. அவ்வைட்டமின் குறைந்தால் மாலைக்கண் உண்டாகும். மிகக் குறைந்தால் குழந்தைகளின் கருவிழியே கெட்டுப் பார்வை போகும். அந்நோய்க்குக் காரட்டு நல்லது. எனினும், 1940-ஆம் ஆண்டில் ஜெர்மானிய விமானங்களை இருளில் வீழ்த்திய தம் விமானிகளின் கூரிய பார்வைக்குக் காரட்டே காரணம் என்ற பேச்சை ஆங்கில அரசினர் பரவவிட்டனர். ரேடார் என்னும் கருவியைப் பற்றி அவர்கள் வாய் திறக்கவில்லை. அன்று பரவிய பேச்சு, காரட்டு எல்லாக் கண்ணோயையும் தீர்க்கும் என்ற உருவில் இன்றும் உலவுகின்றது. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் பயின்று கண் மருத்துவராகி, 1976-ஆம் ஆண்டிற் பதினொரு படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமி, வைட்டமின் குறைவால் வருந்திய சிறுவர்களைக் காக்கும் பணியிலும் இந்நகரில் ஈடுபட்டவர். அச்சிறுவர்க்கு வேண்டுவது மலையினின்று வரும் காரட்டு மட்டுமன்று. கொல்லையில் நிற்கும் முருங்கையின் கீரையிலும் அச்சத்து நிரம்ப உண்டு. ஆனால் கிளாக்கோமாவுக்குக் காரட்டும் முருங்கையும் ஒன்றும் செய்யா. அதனை உரிய காலத்திற் கண்டுபிடிக்க மருத்துவரின் கருவியே வேண்டும். முதியோர் உள்ள இல்லத்தார் இதனை மனத்திற் கொள்வாராக.

பார்வை போனபின் அப்பத்தாவை அடுப்பின் அருகே விடலாகாது என்று வீட்டார் முடிவு செய்தனர். அன்பினால் எடுத்த முடிவே. ஆயினும் அறுபதாண்டு ஆண்ட நாட்டை ஒரே நாளில் இழந்த அரசிபோல அவர் கூடத்துக் கட்டிலில் அமர்ந்திருந்தார். தாளிக்கும் ஓசை கேட்டால் தலை சிறிது திரும்பும், ஒன்றும் சொல்லமாட்டார். இவ்வாண்டு பொங்கல் கழிந்ததும் என் தமையனார் அல்வா ஆசை கொண்டு, குக்கரில் காரட்டை வேகவைத்து, டின்னில் அடைத்த இனிப்புப் பாலை ஊற்றிக் கலக்கி, இருபதே நிமிடத்தில் ஒரு பண்டம் சமைத்து அப்பத்தாவிடம் நீட்டினார். அவர் சுவைத்து, 'நல்லாருக்குப்பா, இனிப்புப் பொரியல்' என்றார். அன்றுதான் யான் துணிந்தேன். 'அப்பத்தா, நீங்கள் அடுக்களைக்கு வாருங்கள், யான் கிண்டுகின்றேன். என் கண்ணை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்' என்றேன். அவர் மறுமொழி கூறாமல் எழுந்து கையை நீட்டினார்.

முதல் வேலை காய் தேர்தல். ஒரு கிலோ காரட்டு வாங்கி வந்து அவர் மடியில் இட்டேன். ஒவ்வொன்றாக எடுத்து நகத்தாற் கீறி, வளைத்துப் பார்த்து, முகர்ந்து, மூன்று காய்களை ஒதுக்கினார். பருத்து முற்றிய காயின் நடுவே கட்டையான தண்டு இருக்கும். அது எவ்வளவு வெந்தாலும் நாவில் நெருடும். இரண்டு விரற்பருமனே ஏற்றது. தோலை மெல்லச் சீவி, கழுவி ஈரம் போகத் துடைத்துத் துருவவேண்டும். துருவல் மிக நுண்ணியதாயின் கூழாகும். மிகப் பெரிதாயின் பாலை உண்ணாது. துருவலைக் கையில் அள்ளி விரலிடை உதிர்த்துப் பார்த்து, 'சரி' என்றார் அப்பத்தா.

பரணிலிருந்து அடி கனத்த வெண்கல உருளி இறங்கிற்று. இரண்டு மேசைக்கரண்டி நெய்யில் முந்திரியையும் உலர்ந்த திராட்சையையும் வறுத்தெடுத்து, அதே நெய்யில் துருவலைக் கொட்டி வதக்கினேன். பச்சை வாசனை நீங்க ஏறத்தாழ பத்து நிமிடம் ஆயிற்று. அந்நெய்யின் நிறம் பொன்னாக மாறுவதைக் கண்டேன். கரோட்டின் நீரிற் கரையாது, கொழுப்பிலேயே கரையும் என்று வேதியியல் நூலிற் படித்திருந்ததை அங்கே கண்ணாரக் கண்டேன். நெய்யோடு உண்ணும் காரட்டே உடலுக்கு மிகுதியாகப் பயன்படும் என்பதற்கும் இதுவே காரணம். பின்னர் ஒரு லிட்டர் கொழுத்த பாலை ஊற்றினேன். கொதி வந்ததும் தீயை நடுத்தரமாக்கிக் கிண்டத் தொடங்கினேன்.

இங்கே வாசகர் ஒரு கணக்கை நோக்குக. காரட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 88 பங்கு நீர். பாலிலும் ஏறத்தாழ 87 பங்கு நீர். ஆகவே உருளியில் இட்ட இரண்டு கிலோவில் ஒன்றேமுக்காற் கிலோ வெறும் நீரே. அதன் பெரும்பகுதியை வெளியேற்றுவதற்கே அல்வாக் கிண்டுதல் என்று பெயர். அறையின் வெப்பத்தில் உள்ள நீரைக் கொதிக்கச் செய்ய எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அதைப்போல் ஏழு மடங்குக்கு மேல் வேண்டும் அக்கொதிநீரை ஆவியாக்க. கொதி வந்துவிட்டதே, வேலை முடிந்தது என்று எண்ணுவோர் உண்மையில் வேலையின் தொடக்கத்திலேயே நிற்கின்றனர். தீயை மிகுதியாக்கினால் நீர் போகுமுன் அடிப்பால் கருகும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும், நம் ஊர் ஜிகர்தண்டாவிற் சேரும் சுண்டிய பாலும் இப்பொறுமையின் பயனே. அவற்றுக்கு யாதொரு குறுக்குவழியும் இல்லை.

அரைமணி கழிந்தது, கை கடுத்தது. அப்பத்தா அடுக்களை வாயிலில் மணைப்பலகையிட்டுச் சுவரிற் சாய்ந்து அமர்ந்திருந்தார். 'பால் வற்றிவிட்டது போலும், சர்க்கரை இடலாமா?' என்று வினவினேன். 'இல்ல அப்பு. இன்னும் சளசளன்னு பேசுது. பேச்சு கொறையட்டும்' என்றார். கண்ணுக்கு வற்றியதாகத் தோன்றியதை அவர் செவி மறுத்தது. யான் கிண்டுவதை நிறுத்தி உற்றுக் கேட்டேன். மெய்தான், துருவலின் அடியில் நீர் மெல்லச் சலசலத்துக்கொண்டிருந்தது. அவர்க்குக் கண் இல்லை, எனக்குச் செவி இல்லை என்று அப்போது உணர்ந்தேன். சிறிது நேரத்தில் அவ்வோசை தணிந்து, கூழ் கொதிப்பதுபோல் இடைவிட்டுப் 'பொத், பொத்' எனக் கேட்டது. 'இப்பப் போடு' என்றார்.

சர்க்கரை முந்நூறு கிராம். அதனை முன்னரே இட்டால் காரட்டு வேகாமல் விறைத்து நிற்கும். ஆதலின் காய் நன்கு வெந்த பின்னரே இடல் வேண்டும். இட்டவுடன் கெட்டியாயிருந்தது மீண்டும் நெகிழ்ந்து நீர்த்தது. இதனை முன்னறியாதார் கலங்குவர். அப்பத்தாவோ, 'எளகிருச்சா? எளகும். மறுபடி கிண்டு' என்று அமைதியாகக் கூறினார். மீண்டும் கால்மணி நேரம். இடையிடையே நெய்யைச் சிறிது சிறிதாக வார்த்தேன். முதலில் இட்டதையும் சேர்த்து நூற்றைம்பது கிராமுக்கு மேற்படவில்லை. இப்போது மணமும் மாறிற்று. பாலின் மணம் ஒடுங்கி, நெய்யும் காய்ந்த சர்க்கரையும் கலந்த மணம் எழுந்தது. ஏலக்காய்ப் பொடியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

அப்பத்தா திடீரெனச் சாய்வை விட்டு நிமிர்ந்தார். வாயினால் ஒன்றும் சொல்லாமல் வலக்கையின் விரலாற் செவியைத் தொட்டார். உருளியில் 'சொர்' என்ற மெல்லிய ஓசை எழுந்தது. நெய் பொரியும் ஓசை அது. நீர் உள்ளவரை உருளியின் வெப்பம் கொதிநிலையைப் பெரிதும் கடவாது. நீர் வற்றிய பின்னரே வெப்பம் அதனைக் கடந்து ஏறும். அப்போதே நெய் பிரிந்து விளிம்பிற் பொரியத் தொடங்கும். பௌதிக நூலார் ஒரு பக்கம் எழுதி விளக்கும் இதனை, லாகூர்ப் பக்கத்து அம்மையார் ஒருவர் செவியைத் தொட்டுக் காட்டி விளக்கினார். அறுபதாண்டு கழிந்தபின் அதே விளக்கம் மதுரையில் எனக்குக் கிடைத்தது. அல்வா உருளியின் பக்கங்களை விட்டு ஒன்றாகத் திரண்டது. ஏலப்பொடியும் முந்திரியும் திராட்சையும் சேர்த்து இறக்கினேன். இரண்டு கிலோவாக உள்ளே சென்ற காயும் பாலும், சர்க்கரையும் நெய்யும் கூடிய பின்னும், ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவே வெளிவந்தன.

ஆறிய பின் ஒரு கரண்டி எடுத்து அப்பத்தாவின் கையில் வைத்தேன். நாவில் இட்டு நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு, 'அந்த அக்கா இருந்தா இதுல ஒரு கரண்டி கேப்பா' என்றார். மேலும் சிறிது நேரம் கழித்து, 'அடுத்த தடவை நான் வாசப்படிக்கு வரல. கட்டில்ல இருந்தே கேக்குறேன். நீயே எறக்கு' என்றார். இதனினும் உயர்ந்த நற்சான்றினை எப்பல்கலைக்கழகமும் எனக்கு அளித்துவிட முடியாது.

அந்நாள் முதல் எங்கள் இல்லத்தில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. என் அன்னையார் குழம்பு கொதிக்கும்போது கூடத்தை நோக்கி, 'அத்தை, புளி வாசம் போயிருச்சா?' என்று குரல் கொடுக்கின்றார். கட்டிலிலிருந்து விடை வருகின்றது. மணைப்பலகை அடுக்களை வாயிலை விட்டு இன்னும் எடுக்கப்படவில்லை.

அன்பர்களே, நம் இல்லங்களில் முதியோர்க்குச் சோறும் மருந்தும் தட்டாமல் அளிக்கின்றோம்; வேலை மட்டும் அளிப்பதில்லை. கண் மங்கியது, கை நடுங்குகின்றது என்று கூறி, அவர்கள் கைத்திறத்தையும் சேர்த்தே ஓய்வில் அமர்த்திவிடுகின்றோம். ஆனால் கிலோவும் கிராமும் கொண்டு எழுதிய குறிப்பில் அடங்காத செய்திகள் பல அவர்தம் செவியிலும் மூக்கிலும் விரல்நுனியிலும் தங்கியுள்ளன. அவற்றைத் தாளில் எழுதி வாங்க இயலாது. பக்கத்தில் நின்று கை கடுக்கக் கற்கவேண்டும். யான் மேலே எழுதிய அளவுகளைக் கொண்டு யாரும் அல்வாக் கிண்டலாம். எனினும் இறக்கும் பதத்தை இக்கட்டுரையிடம் கேளாதீர்கள். உங்கள் இல்லத்திற் கட்டிலில் அமர்ந்திருக்கும் முதியவர் ஒருவரைக் கைப்பிடித்து அடுக்களைக்கு அழைத்து வந்து கேளுங்கள். அவர் விடையுடன் காத்திருக்கக் கூடும்.